ஒன்றுக்கு ஒன்று

மேக்ரோ லென்ஸ் வாங்கப் போகிறேன் என்றதும் நண்பர்கள் கேட்ட முதல் கேள்வி, "பூவா, பூச்சியா?" என்பதுதான். "கொசு" என்றேன். சிரித்தார்கள். "அதுக்கு எதுக்குலா லென்ஸு, சும்மா கைய நீட்டுனா வந்து உக்காருமே" என்றான் ஒருவன். அவன் சொன்னது வீட்டுக் கொசு. நான் தேடியது வேறு. ரெம்பாவ் வட்டாரம் போன்ற மலையடிவாரத் தோட்டங்களில் எங்கள் ஆட்களைக் கொன்ற கொசு. அனாபிலிஸ் மாகுலாட்டஸ் என்று அதற்குப் பெயர். லத்தீனில் மாகுலாட்டஸ் என்றால் புள்ளி விழுந்தது என்று பொருள்.

இந்தக் கிறுக்கு எனக்கு ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. மலாய்க் கூட்டு மாநிலங்களில் மலேரியாவைத் தடுப்பது பற்றி மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1911ல் ஒரு நூல் எழுதினார். 1921ல் அதைப் பெரிதாக்கித் திரும்ப வெளியிட்டார். அதற்குப் பிறகு பி.ஏ.ஆர். கேட்டர் என்பவர் மலாயாவின் அனாபிலிஸ் கொசுக்களை இனம் பிரிக்க இரண்டு கையேடுகள் எழுதினார். 1934ல் புழுக்களுக்கு, 1935ல் வளர்ந்த கொசுக்களுக்கு. இந்த வகைப் புத்தகங்களில் ஒரு கொசுப்புழுவின் தலைமயிர் எத்தனை கிளையாகப் பிரிகிறது என்பதுவரை உருப்பெருக்கிக்குக் கீழே வைத்து வரைந்திருப்பார்கள். அதே காலத்துத் தோட்டப் புகைப்படங்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வரிசையாகப் பால்மரம், நடுவே சடக்கு, தூரத்தில் வெள்ளைத் துணிக்கட்டோடு நான்கைந்து பேர். முகம் தெரியாது. கைகளும் தெரியாது. கொசுவின் இறக்கையை அவ்வளவு கிட்டப்போய்ப் பார்த்தவர்கள், அது கடித்த ஆட்களை இவ்வளவு தூரத்தில் நிறுத்தியிருக்கிறார்களே என்று ஒரு எரிச்சல். அந்த எரிச்சலில்தான் கேமரா கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நல்லவர். எதை எடுக்கப் போகிறாய் என்பதைவிட எவ்வளவு கிட்டத்தில் எடுக்கப் போகிறாய் என்று கேட்டார். சரியான கேள்வி அதுதான். மேக்ரோ லென்ஸ் என்று பெட்டியில் எழுதியிருப்பதையெல்லாம் நம்பக்கூடாது. 1:1 என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள பொருள், கேமராவுக்குள் இருக்கும் சென்சாரின் மேலும் அதே ஒரு சென்டிமீட்டராக விழுந்தால் அது ஒன்றுக்கு ஒன்று. சில ஜூம் லென்ஸ்களிலும் மேக்ரோ என்று போட்டிருப்பார்கள். அவை 1:4, நல்லதாக இருந்தால் 1:3. வண்ணத்துப்பூச்சிக்குப் போதும். கொசுவுக்குப் போதாது. முழு பிரேம் கேமராவின் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம். கொசுவின் இறக்கை மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். ஆக, ஒன்றுக்கு ஒன்றில் எடுத்தாலும் அந்த இறக்கை படத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான் நிறைக்கும். இந்தக் கணக்கைக் கடையில் நின்றபடியே போட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்தது குவியத்தூரம். 60 மில்லிமீட்டர் லென்ஸ் விலை குறைவு, கையடக்கமானது. ஆனால் 1:1க்குப் போகும்போது பூச்சி லென்ஸின் மூக்கிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டரில் இருக்க வேண்டும். லென்ஸின் நிழலே அதன்மேல் விழும், அது பறந்துவிடும். 100 மில்லிமீட்டரில் அந்த இடைவெளி பதின்மூன்று பதினான்கு சென்டிமீட்டராகிறது. உயிருள்ளவற்றுக்கு 100தான் சரி. பழையதாக ஒன்றை வாங்கினேன். கூடவே அலமாரியின் மூலையில் கிடந்த, கைமுறைக் குவியம் கொண்ட ஒரு மைக்ரோ நிக்கோர் 55ஐயும் வாங்கினேன். இதை வாங்கியதற்குக் காரணம் கொசு இல்லை. அந்த லென்ஸின் கதை.

படக்கருவிக்கென்றே செய்த முதல் மேக்ரோ லென்ஸ் என்று பொதுவாகச் சொல்லப்படுவது ஹைன்ஸ் கில்ஃபிட் 1955ல் கொண்டுவந்த மாக்ரோ கிலார். அடுத்த ஆண்டு, 1956ல், ஜப்பானில் நிக்கோன் 5 சென்டிமீட்டர் மைக்ரோ நிக்கோரை வெளியிட்டது. பூவுக்காகவோ பூச்சிக்காகவோ அதைச் செய்யவில்லை. எழுத்துக்காகச் செய்தார்கள். மேல்நாட்டில் ஆவணங்களை மைக்ரோஃபிலிமில் சுருக்கிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தாறு எழுத்து உள்ளவர்களுக்கு அது போதுமாக இருந்தது. கோடுகள் நெருக்கமாக அடைந்த காஞ்சி எழுத்தை அந்த அளவுக்குச் சுருக்கினால் ஒரே மசியாகிவிடுகிறது. நம் எழுத்து தெரிகிற மாதிரி ஒரு லென்ஸ் வேண்டும் என்று கேட்டுச் செய்துகொண்டார்கள். 1961ல் அது 55 மில்லிமீட்டராகி ஒற்றைக் கண்ணாடி ரிஃப்ளெக்ஸ் கேமராக்களுக்கு வந்தது. உலகம் முழுக்கப் பூச்சி பிடிக்கிறவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. சொந்த எழுத்து மங்குவதைப் பொறுக்காமல் ஒருவர் லென்ஸ் செய்யச் சொன்னார் என்பது எனக்கு மிகவும் பிடித்த வரலாறு.

சரி, கொசுவுக்கு வருவோம்.

1897 ஆகஸ்ட் 20. செகந்திராபாத், பேகம்பேட்டை. ரொனால்டு ராஸ் என்ற ராணுவ மருத்துவர், புள்ளி இறக்கைக் கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியின் கருநிற மணிகளைக் கண்டார். கொசு பறந்துவிடும் என்று விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய உருப்பெருக்கியின் திருகுகள் வியர்வையில் துருப்பிடித்திருந்தன. மிச்சமிருந்த ஒரே கண் லென்ஸிலும் விரிசல். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் வரும். வராதது, அந்தக் கொசுக்களுக்குத் தன் கையைக் கொடுத்தவர் பெயர் ஹுசேன் கான் என்பது. கடிக்கு ஓர் அணா கூலி. அவருக்காவது பெயர் இருக்கிறது.

அந்தக் கண்டுபிடிப்பு மலாயாவுக்கு வர அதிக நாள் ஆகவில்லை. 1901 ஜனவரியில் வாட்சன் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தார். அந்த ஆண்டே கிள்ளானில் காய்ச்சல் பொங்கியது. செப்டம்பரில் திறந்த ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்தில் (இன்றைய போர்ட் கிள்ளான்) இரண்டு மாதத்துக்குள் ஆட்கள் கொத்துக்கொத்தாகப் படுத்தார்கள். துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேச்சு வந்தது. வாட்சனும் சிலாங்கூரின் தலைமை மருத்துவர் டிராவர்ஸும் சேர்ந்து சதுப்பை வடித்தார்கள், காட்டை வெட்டினார்கள். காய்ச்சல் இறங்கியது. ராஸின் கண்டுபிடிப்பை வைத்து நடைமுறையில் ஒரு ஊரையே காப்பாற்றிய ஆரம்பகால வெற்றிகளில் இது ஒன்று. வாட்சன் பெயர் பெற்றார். கொஞ்ச காலத்தில் அரசு வேலையை விட்டுவிட்டுத் தோட்டங்களுக்கு மருத்துவ ஆலோசகரானார்.

பிறகுதான் ரப்பர் விலை ஏறி, தோட்டங்கள் கடலோரச் சமவெளியை விட்டு மலைப்பக்கம் நகர்ந்தன. நெகிரி செம்பிலான் அப்படிப்பட்ட நிலம். ரெம்பாவில் நின்று பார்த்தால் தெரியும். ஒரு பக்கம் குனோங் டத்தோ, 884 மீட்டர். அங்கிருந்து இறங்குகிற சின்னச் சின்ன ஓடைகள் ரெம்பாவ் ஆற்றில் சேர்ந்து, அது லிங்கி ஆற்றில் சேர்கிறது. பள்ளத்தாக்கில் மினாங்கபாவ் மக்களின் கம்பங்களும் வயல்களும். மேட்டில் தோட்டங்கள். கிள்ளானில் பலித்த வைத்தியத்தையே இங்கும் செய்தார்கள். காட்டை வெட்டினார்கள், ஓடையைத் திறந்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்க வேண்டும். ஏறியது.

காரணம் இரண்டும் வேறு வேறு கொசு. சமவெளிச் சதுப்பில் இருந்தது அனாபிலிஸ் அம்புரோசஸ். அதற்கு நிழல் வேண்டும், தேங்கிய நீர் வேண்டும். காட்டை வெட்டி வெயிலை விட்டால் செத்துப்போகும். மலையோடையில் இருப்பது மாகுலாட்டஸ். அதற்குத் தெளிந்த நீர் வேண்டும், மெல்ல ஓட வேண்டும், மேலே வெயில் பட வேண்டும். அடர்ந்த காட்டுக்குள் இருள் மூடிய ஓடையில் அது அதிகம் பெருகாது. மரத்தை வெட்டி, ஓடைக்கரைப் புதரையும் சுத்தமாக வழித்து, வெயிலை உள்ளே விட்டால் அதற்குக் கல்யாணம். வாட்சன் தன் முதல் புத்தகத்தில் இதை வில்மோரை என்ற பெயரில் எழுதுகிறார். பின்னால்தான் மாகுலாட்டஸ் என்ற பெயர் நிலைக்கிறது. பெயர் எதுவானால் என்ன, விஷயம் இதுதான்: இந்தக் கொசுவைத் தோட்டத்துக்கு அழைத்து வந்தது தோட்டமேதான். காட்டை வெட்டிய கோடாலி நம் ஆட்களின் கையில் இருந்தது, வெட்டச் சொன்னவர் பங்களாவில் இருந்தார்.

ஒவ்வொரு கொசு இனத்துக்கும் தனித்தனி வைத்தியம் என்ற இந்த அணுகுமுறைக்கு 'இன வாரிச் சுகாதாரம்' என்று பிறகு பெயர் வைத்தவர் ஸ்வெலென்கிரேபெல் என்ற டச்சுக்காரர். மலாயாவுக்கு வந்து வாட்சனின் வேலையைப் பார்த்துவிட்டுப் போனவர் அவர். இந்தச் சிந்தனைக்கு அடிப்படை என்ன? கிட்டப்போய்ப் பார்ப்பது. இறக்கையில் புள்ளி எங்கே, காலில் வெள்ளை வளையம் எங்கே, பின்னங்காலின் கடைசிக் கணு முழுக்க வெள்ளையா இல்லையா. அந்த ஒரு கணுவில்தான் ஓடையை மூடுவதா திறப்பதா என்ற முடிவு இருந்தது. மூடித்தான் ஆக வேண்டும் என்று தெரிந்ததும் ஓடைகளை மண்குழாய்களுக்குள் விட்டு மேலே கல்லும் மண்ணும் போட்டார்கள். அது முடியாத இடத்தில் எண்ணெய். பனாமாவில் அமெரிக்கர்கள் எண்ணெய் ஊற்றி ஜெயித்ததை வாட்சன் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

வாட்சன் இன்னொன்றும் செய்தார். ஒரு தோட்டத்தில் மலேரியா எவ்வளவு என்று தெரிந்துகொள்ளப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. மண்ணீரல் வீங்கியிருந்தால் விரலுக்குத் தெரியும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்பதுதான் அந்தத் தோட்டத்தின் கணக்கு. மலாய்க்காரர்கள் இந்த நோயையே 'டெமாம் குரா', மண்ணீரல் காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். நம் ஆட்கள் 'வயித்துக் கட்டி' என்றார்கள். மலையடிவாரத் தோட்டங்களில் பிள்ளைகள் வரிசையில் நின்று, சட்டையைத் தூக்கி, வெள்ளைக்காரர் ஒருவர் வயிற்றை அமுக்கிப் பார்க்க ஒத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடமிருந்து எண் மட்டும் புத்தகத்துக்குப் போனது.

இங்கே ஒரு சின்ன விலகல். இதே நெகிரி செம்பிலானில்தான் பெரிபெரி நோயின் முடிச்சும் அவிழ்ந்தது. மாநில மருத்துவராக இருந்த பிராடன், தீட்டிய வெள்ளை அரிசி சாப்பிடும் சீனர்கள் பெரிபெரியில் விழுவதையும், புழுங்கல் அரிசி சாப்பிடும் தமிழர்கள் தப்புவதையும் கவனித்து 1907ல் புத்தகம் எழுதினார். ஃபிரேசரும் ஸ்டான்டனும் ஜெலெபுவில் வேலையாட்களிடம் சோதித்து அதை உறுதி செய்தார்கள். நம் ஆத்தாக்கள் அரிசியை அவித்துக் காயவைத்த பழக்கம் ஒரு நோயிலிருந்து காத்தது. மலேரியாவுக்கு அப்படி ஒரு கைமருந்து நம்மிடம் இல்லை. கொய்னாதான். அதுவும் பெரட்டுக் களத்தில் டிரெசர் வாயைத் திறக்கச் சொல்லி ஊற்றும்போது குடித்தால்தான் உண்டு.

வாட்சனைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரை வீரராக எழுதுகிறார்கள். நானும் அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர் இல்லையென்றால் இன்னும் பலர் செத்திருப்பார்கள். ஆனால் அவர் யாரிடம் வாதாடினார் என்பதைப் பார்க்க வேண்டும். தோட்ட முதலாளிகளிடம். அவர்களிடம் பேசிப் பலிக்கும் ஒரே மொழி செலவுக் கணக்கு. ஆள் நோயில் படுத்தால் எவ்வளவு நட்டம், குழாய் பதித்தால் எவ்வளவு செலவு. 1907ல் தமிழ்க் குடியேற்ற நிதி வந்தது. ஆள் கொண்டுவரும் செலவை எல்லாத் தோட்டங்களும் தலைக்கட்டாகப் பகிர்ந்துகொண்டன. என் கணிப்பில், செத்த ஆளுக்குப் பதில் ஆள் என்பது அதற்குப் பிறகு தோட்டத்துக்கு முன்பைவிட மலிவானது. மலேரியாவைப் பற்றி அவசரப்படாத தோட்டங்கள் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். காலனிய மலாயாவில் நோயும் அரசும் எப்படிப் பின்னிக்கிடந்தன என்று லெனோர் மாண்டர்சன் 1996ல் எழுதிய நூலைப் படித்தால், குடிநீரும் கக்கூஸும் லயத்து அறையின் அளவும் சேர்ந்துதான் ஆட்களைக் கொன்றன என்பது விளங்கும். கொசு மட்டும் குற்றவாளி இல்லை. கொசுவைப் பிடிப்பது சுலபம், அவ்வளவுதான்.

என் தாத்தாவைத் தோட்டத்தில் 'எண்ணெய்க்காரர்' என்றுதான் கூப்பிடுவார்களாம். ஜப்பான்காரன் போன பிறகு அந்த வேலைக்கு வந்தவர். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு ஓடைக்கும், ஒவ்வொரு ஊற்றுக்கண்ணுக்கும் போய் எண்ணெய் அடிக்க வேண்டும். ஏன் வாரம் ஒரு முறை? முட்டையிலிருந்து கொசுவாக அதற்குமேல் சில நாட்கள்தான் ஆகும். ஒரு வாரம் தவறினால் ஒரு தலைமுறை பறந்துவிடும். எண்ணெய்ப் படலம் புழுவின் மூச்சுத்துளையை அடைத்துக் கொல்கிறது. எட்ட முடியாத இடத்தில் சாக்கை எண்ணெயில் நனைத்து ஓடையின் தலையில் போட்டுவிடுவார்களாம். தாத்தாவின் சட்டையிலிருந்து கடைசிவரை அந்த வாசம் போகவில்லை என்பாள் பாட்டி. அவர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் புத்தகத்தில் இருந்த இறக்கைப் புள்ளியை வைத்து எடுத்த முடிவை வாரா வாரம் தண்ணீரின் மேல் எழுதியது அவர்தான்.

பாட்டிக்கு அந்த வேலையின் மதிப்பு தெரியும். ஜப்பான் காலத்தில் அவள் சிறுமி. உலகக் கொய்னாவில் பெரும்பகுதி விளைந்த ஜாவா ஜப்பான்காரன் கையில் இருந்தும் தோட்டத்துக்கு மருந்து இல்லை. எண்ணெய் இல்லை. குழாய்களை யாரும் பார்க்கவில்லை. திடமான ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மரவள்ளிக்கிழங்கு தின்று கிடந்த உடம்பில் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும்? அவளுடைய தம்பி ஒருவன், தங்கை ஒருத்தி, ஒரே மழைக்காலத்தில் போனார்கள். "சாயங்காலம் ஆனா நடுக்கம் வரும்யா. மூணு சாக்கு போத்துனாலும் நிக்காது. காலைல எந்திரிச்சு வெளையாடும். அப்புறம் ஒரு நாளு எந்திரிக்கல." இரண்டு பேருக்கும் படம் இல்லை.

போன மார்ச்சில் ரெம்பாவுக்குப் போனேன். தாத்தாவின் தோட்டத்தில் இப்போது ரப்பர் இல்லை, செம்பனை. லயங்களை இடித்துவிட்டார்கள். கோயில் மட்டும் இருக்கிறது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம், "ஐயா, மண்கொழாய் போட்ட பழைய ஓடை எந்தப் பக்கம்?" என்று கேட்டேன். அவர் என் பையைப் பார்த்தார். "சர்வே எடுக்க வந்தியா தம்பி?" இல்லை என்றேன், தாத்தா பெயரைச் சொன்னேன். "எண்ணெய்க்காரர் பேரனா! வா வா" என்று பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். "அப்பல்லாம் இந்த ஓடையில ஒரு மீனு இருக்காது. எண்ணெ வாசம்தான். நாங்க குளிக்கிறது மேல."

குழாய்கள் உடைந்து வெளியே கிடந்தன. உடைந்த இடத்தில் தண்ணீர் மேலே வந்து, கூழாங்கல்லுக்கு நடுவே கைப்பிடி அகலத்தில் சின்னச் சின்னக் குட்டையாக நின்றது. செம்பனை மட்டையை வெட்டிவிட்ட இடைவெளியில் வெயில் நேராக இறங்கியது. தெளிந்த நீர், மெல்லிய ஓட்டம், வெயில். நூறு வருஷத்துக்கு முந்திய விவரிப்பு அப்படியே கண்முன்னால்.

வெள்ளை அகப்பையால் முப்பது தடவை மொண்டிருப்பேன். வெறும் தண்ணீர். தவறிப்போய் மரத்தடியில் கிடந்த பழைய பால் மங்கைப் பார்த்தேன், அதில் நிறைய நெளிந்தது. அது புலிக்கொசு, டெங்கிக்காரன். தலைகீழாகத் தொங்கும், வால்நுனியில் இருக்கும் குழாய் வழியாக மூச்சு விடும். எனக்கு வேண்டியது அதுவல்ல. அனாபிலிஸ் புழுவுக்கு அந்தக் குழாய் கிடையாது. அதனால் தண்ணீரின் மேல்பரப்போடு படுத்துக் கிடக்கும், குச்சி மிதப்பதுபோல. ஒரு கல்லின் ஓரத்தில், புல் வேருக்குப் பக்கத்தில், கடைசியில் ஒன்று கிடைத்தது. ஐந்து மில்லிமீட்டர் இருக்கும்.

வெள்ளைப் பீங்கான் தட்டில் ஓடைத் தண்ணீரோடு விட்டுப் படுத்துக்கொண்டேன். இங்கேதான் வாங்கியதன் அருமையும் சிரமமும் தெரிந்தது. ஒன்றுக்கு ஒன்றில் குவியத்தின் ஆழம், எஃப் 8 வைத்தால், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். மூச்சு விட்டால் போய்விடும். குவிய வளையத்தைத் திருப்பிப் பிரயோசனமில்லை. வளையத்தை 1:1ல் நிறுத்திவிட்டு, உடம்பையே முன்னும் பின்னும் ஒரு நூல் ஆட்டித்தான் குவியம் பிடிக்க வேண்டும். முழங்கையைத் தரையில் ஊன்றி இடது கையால் தட்டையும் லென்ஸையும் ஒன்றாகப் பிடித்தால் ஆட்டம் குறைகிறது. துவாரத்தை எஃப் 16, 22 என்று இறுக்கினால் ஆழம் கூடும் என்று நினைத்தால் படம் முழுக்கவே மழுங்கிவிடும். ஒன்றுக்கு ஒன்றில் லென்ஸ் நீள்வதால் துவாரம் ஏற்கெனவே இரண்டு ஸ்டாப் இருண்டுதான் வேலை செய்கிறது. அதனால் வெளிச்சத்தைக் கடன் வாங்க வேண்டும். ஃபிளாஷ், அதற்கு முன்னால் வெள்ளை நுரைத்தாள். ஃபிளாஷை நேராக விட்டால் தண்ணீர் கண்ணாடியாகிவிடும். பக்கவாட்டில் தாழ்வாக வைத்தேன். லென்ஸுக்குப் பின்னால் ஒரு நீட்டுக்குழாயையும் பூட்டி இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். புதிதாக வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பணம் குறைவாக இருந்தால் பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால் 50 மில்லிமீட்டர் குழாய் பூட்டுங்கள், அதுவே 1:1. மிச்சக் காசை ஃபிளாஷில் போடுங்கள்.

பதினேழாவது படத்தில் அது தலையைத் திருப்பியது. உடம்பு குப்புறவே கிடக்க, தலை மட்டும் பாதி வட்டம் சுற்றி, முகம் மேலே வந்தது. அனாபிலிஸ் புழுக்கள் அப்படித்தான் மேல்பரப்பில் மேயும் என்று படித்திருந்தேன். படித்ததும் பார்ப்பதும் வேறு. வாய்த் தூரிகைகள் துடிக்க, அது நிதானமாகத் தண்ணீரின் தோலைத் தின்றுகொண்டிருந்தது. அழகாக இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போது கூச்சமாகவும் இருக்கிறது.

புழுவை மட்டும் வைத்து மாகுலாட்டஸ் என்று சாதிக்க என் படம் போதாது. கேட்டரின் கையேட்டில் சொல்வதுபோல மயிர்களை எண்ண வேண்டும், அதற்கு உருப்பெருக்கி வேண்டும். ஓடையும் வெயிலும் அதையே சொல்கின்றன, அவ்வளவுதான் என்னால் எழுத முடியும். 1967ல் தொடங்கிய ஒழிப்புத் திட்டத்துக்குப் பிறகு மனித மலேரியா இங்கே படிப்படியாக அடங்கி, 2018லிருந்து உள்நாட்டில் பிறந்த நோயாளி ஒருவரும் இல்லை என்ற நிலை வந்திருக்கிறது. குரங்கிலிருந்து வரும் நோலெசி வகைதான் மிச்சம், அதைக் கொண்டுவரும் கொசுக்கள் காட்டுக்காரர்கள், வேறு இனம். இன்று அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியவர்கள் இந்தச் செம்பனையில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். பெரியவர் அவர்களுடைய கொங்சியை எனக்குக் காட்டினார். ஓடைக்கு அந்தப்பக்கம் முப்பது அடியில் இருந்தது.

திரும்பி வந்து பாட்டியிடம் படத்தைக் காட்டினேன். அவளுக்கு அதில் ஆர்வமில்லை. அவளுக்கு அந்த வாரம் வேறு கவலை. அடையாள அட்டை மாற்றப் போன அலுவலகத்தில் அவள் கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை. "அழுத்துங்க, இன்னும் அழுத்துங்க"ன்னு அந்தப் பிள்ளை சொல்லச் சொல்ல இவள் அழுத்தியிருக்கிறாள். கிரீம் தடவிப் பார்த்திருக்கிறார்கள். ரேகை இல்லை. பால் வெட்டுக் கத்தியும் ஒட்டுப்பால் உரித்ததும் அமிலமும் சேர்ந்து முப்பத்தைந்து வருஷத்தில் அதைத் தேய்த்துவிட்டன. பின்னால் வேறு விரலை வைத்து எப்படியோ முடித்துக்கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கு 1897 ஞாபகம் வந்தது. ராஸ் செகந்திராபாத்தில் கொசு வயிற்றைப் பார்த்த அதே ஆண்டில்தான் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கியது. ஹென்றியின் பெயரில் உலகம் முழுக்கப் போன அந்த முறையை வகுத்துக் கொடுத்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்திய உதவியாளர்கள். கொசுவைக் கிட்டப் பார்த்ததும் விரலைக் கிட்டப் பார்த்ததும் ஒரே சாம்ராஜ்யம்தான். ஒன்று ஆளைச் சாகாமல் வைத்துக்கொள்ள, ஒன்று ஆளைத் தவறாமல் பிடித்துக்கொள்ள.

"கைய இப்படிக் குடு பாட்டி" என்றேன். அந்த எழுத்து லென்ஸை, 55ஐ, மாட்டினேன். தனியாக அது 1:2 வரைதான் போகும். குழாய் பூட்டினால் 1:1. கட்டைவிரல் நுனி ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர், பிரேமின் உயரம் 24 மில்லிமீட்டர். அளந்து செய்ததுபோல் பொருந்தியது. ஜன்னல் வெளிச்சத்தைப் பக்கத்திலிருந்து வாங்கினேன். திரையில் வந்தது விரல்போலவே இல்லை. வரிகள் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று, நடுவே குறுக்காக மூன்று பழைய வெட்டு, நகக்கண் பக்கத்தில் மட்டும் நாலைந்து ரேகை அறுந்து அறுந்து. பழைய சிவப்பு அடையாள அட்டையின் பின்பக்கத்தில் இருந்த கட்டைவிரல் பதிவையும் அதே அளவில் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அதில் சுழி முழுசாக இருந்தது. வெட்டு ஒன்றே ஒன்று.

பாட்டி அதை ரொம்ப நேரம் பார்த்தாள். "இது சின்ன தொரை காலத்துல பட்டது" என்றாள் அந்த ஒரு வெட்டைக் காட்டி. மற்ற இரண்டும் எப்போது என்று அவளுக்கு நினைவில்லை. பிறகுதான் கொசுப்புழுவின் படத்தை மறுபடி கேட்டாள்.

"நெசத்துல எவ்ளோ பெருசு?"

என் நகத்தில் பாதியைக் காட்டினேன்.

"இத்தனூண்டா" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஓடைத் தண்ணிய அளைஞ்சிட்டு வந்திருக்க. கையக் கழுவிட்டு வா, சோறு போடுறேன்."